கோதுமை வயலுக்கு நடுவே ஓர் ஓடுபாதை: இங்கிலாந்தின் போர்க்கால விமானத் திடல்கள் இன்று

கேள்வி இதுதான்: இங்கிலாந்தின் நார்ஃபோக், சஃபோக், லிங்கன்ஷயர் பக்கம் காரில் போனால் வயல்களுக்கு நடுவே பழைய கான்கிரீட் பாதைகளும், பக்கத்திலேயே நாலைந்து குட்டி விமானங்களும் கண்ணில் படுகின்றன. இவை இரண்டாம் உலகப் போர்க்காலத்தவையா? இன்னும் எப்படி இயங்குகின்றன? போய்ப் பார்த்தால் எதைக் கவனிப்பது?

ஆம், பெரும்பாலும் போர்க்காலத்தவைதான். 1939க்கும் 1945க்கும் இடையில் பிரிட்டனில் 400க்கும் மேற்பட்ட புதிய விமானத் தளங்கள் எழுந்தன. 1942இல் வேலை உச்சத்தில் இருந்தபோது சராசரியாக 3 நாளுக்கு ஒரு தளம் முடிந்துகொண்டிருந்தது. ஜெர்மனிக்குப் பக்கம், நிலமும் தட்டை. அதனால்தான் கிழக்கு மாவட்டங்களில் அவை இப்படிக் குவிந்தன. லிங்கன்ஷயர், யார்க்ஷயர் பக்கம் பிரிட்டிஷ் விமானப்படையின் லங்காஸ்டர், ஹாலிஃபாக்ஸ் குண்டுவீச்சு விமானங்கள் இருந்தன. நார்ஃபோக், சஃபோக் பக்கம் அமெரிக்க 8ஆவது விமானப்படையின் பி-17, பி-24 விமானங்கள்.

நீங்கள் பார்த்த கான்கிரீட்டுக்கு ஓர் அளவுத்திட்டம் உண்டு. 1942இல் உறுதியான 'ஏ வகுப்பு' வரைவின்படி முக்கிய ஓடுபாதை 2,000 கெஜம் நீளம், துணை ஓடுபாதைகள் இரண்டும் 1,400 கெஜம் நீளம், மூன்றுக்கும் அகலம் 50 கெஜம். மீட்டரில் சொன்னால் சுமார் 1,830, 1,280, 46. மூன்றும் ஒன்றையொன்று ஏறத்தாழ 60 டிகிரியில் வெட்டும். வானத்திலிருந்து பார்த்தால் ஆங்கில 'ஏ' எழுத்து சாய்ந்து கிடப்பதுபோல இருக்கும். காற்று எந்தத் திசையில் அடித்தாலும் ஏதாவது ஒரு பாதை அதற்கு ஓரளவு நேராக அமைய வேண்டும் என்பதற்காகத்தான் மூன்று. இவற்றைச் சுற்றி 50 அடி அகல வளையப்பாதை. அந்த வளையத்திலிருந்து இலைக்காம்புபோலப் பிரிந்து போகும் நிறுத்துமேடைகள், ஒரு குண்டுவீச்சுத் தளத்துக்குச் சுமார் 50. எதிரி ஒரே குண்டில் இரண்டு விமானத்தை அழிக்கக் கூடாது என்று அவற்றைத் தள்ளித் தள்ளி வைத்தார்கள். இன்றும் செயற்கைக்கோள் படத்தில் வயல் ஓரமாக வட்ட வட்டமாகத் தெரியும் கறைகள் இந்த மேடைகள்தாம்.

கட்டிய வேகத்தை நினைத்துப் பாருங்கள். விளைநிலத்தைக் கையகப்படுத்தி, வேலிப்புதர்களையும் மரங்களையும் பிடுங்கி, ஓடைகளைக் குழாய்க்குள் திருப்பி, உடைகல் பரப்பி, அதன்மேல் ஏறத்தாழ 6 அங்குலக் கான்கிரீட் வார்த்தார்கள். அந்த உடைகல்லில் ஒரு பங்கு குண்டுவீச்சில் இடிந்த லண்டன் வீடுகளின் செங்கல். ரயிலில் கிழக்கே அனுப்பப்பட்டது. உடைந்த ஓடுபாதையின் ஓரத்தில் கான்கிரீட்டுக்குக் கீழே சிவப்புச் செங்கல் துண்டுகள் எட்டிப் பார்த்தால் அவசரப்பட்டுக் கடந்து போகாதீர்கள். அது யாரோ ஒருவருடைய வீட்டுச் சுவராக இருந்திருக்கலாம். ஓர் அமெரிக்கக் குண்டுவீச்சுத் தளத்தில் 2,500 முதல் 3,000 பேர் வரை இருந்தார்கள். சில நூறு பேர் வாழ்ந்த கிராமத்தின் பக்கத்தில் ஓராண்டுக்குள் ஒரு சிறு நகரமே முளைத்தது.

போர் முடிந்ததும் நிலம் மெல்ல மெல்ல உழவர்களிடம் திரும்பியது. 46 மீட்டர் அகலக் கான்கிரீட்டை வைத்துக்கொண்டு உழவர் என்ன செய்வார்? உடைத்துச் சாலைக்கு அடித்தளக் கல்லாக விற்றார்கள். நார்ஃபோக்கின் ஆட்டில்பிரிட்ஜில் ஓடுபாதைகளின் மேலேயே வான்கோழிக் கொட்டகைகள் வரிசையாக நிற்கின்றன. 115 அடி அகலமும் 240 அடி நீளமும் கொண்ட 'டி2' ஹேங்கர்கள், அதாவது விமானக் கொட்டகைகள், தானியக் கிடங்காயின. வளையப்பாதைகள் சில கார் பந்தயத் தடங்களாயின. சில்வர்ஸ்டோன், ஸ்னெட்டர்டன், த்ரக்ஸ்டன் எல்லாம் அப்படி வந்தவை. த்ரக்ஸ்டனில் பந்தயத் தடத்துக்கு உள்ளேயே இன்றும் விமானங்கள் இறங்குகின்றன. மற்ற பல இடங்களில் மிஞ்சியது ஒரு ஓடுபாதையின் ஒரு பகுதி மட்டும். 2,000 கெஜத்தில் 600 முதல் 900 மீட்டர், 46 மீட்டர் அகலத்தில் 20 மீட்டருக்கும் குறைவு. மீதி இடத்தில் கோதுமை, அல்லது அறுவடை முடிந்து குவித்து வைத்த சர்க்கரைப் பீட்ரூட். இன்றைய நான்கு இருக்கை விமானத்துக்கு அந்த மிச்சம் தாராளமாகப் போதும்.

ஒரு சின்ன விஷயம் பலரைக் குழப்புகிறது. போர்க்கால வரைபடத்தில் 06 என்று இருக்கும் ஓடுபாதை இன்றைய வழிகாட்டியில் 05 என்று இருக்கும். கான்கிரீட் நகரவில்லை, காந்த வடக்குதான் நகர்ந்தது. ஓடுபாதை எண் என்பது காந்தத் திசையை 10ஆல் வகுத்து முழுமையாக்கியது. 1940களில் கிழக்கு இங்கிலாந்தில் காந்த ஊசி உண்மையான வடக்கிலிருந்து சுமார் 10 டிகிரி மேற்கே விலகி நின்றது. இப்போது அந்த விலகல் கிட்டத்தட்டப் பூஜ்யம். எனவே எண் ஒன்று குறைந்திருக்கும். பழைய பறப்புக் குறிப்பையும் இன்றைய படத்தையும் பக்கத்தில் வைத்துப் படிக்கிறவர்கள் இதை மறந்தால் வேறு ஓடுபாதையைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

எங்கே போய்ப் பார்க்கலாம் என்றால், லிங்கன்ஷயரின் விக்கன்பியை முதலில் சொல்வேன். 1942 செப்டம்பரில் திறந்த தளம். 12ஆவது, 626ஆவது ஸ்குவாட்ரன்களின் லங்காஸ்டர்கள் இங்கிருந்து பறந்தன. அந்த இரண்டு ஸ்குவாட்ரன்களில் உயிரிழந்தவர்கள் 1,080 பேர். நுழைவாயில் அருகே, கிரேக்கப் புராணத்தில் சிறகு கட்டிப் பறந்து விழுந்த இக்காரஸின் உருவம் பொறித்த நினைவுக்கல் நிற்கிறது. கண்ட்ரோல் டவரில் நினைவுக் காட்சியகம். அதே டவருக்கு முன்னால் இன்றும் குட்டி விமானங்கள் இறங்கி ஏறுகின்றன. நார்ஃபோக்கில் ஓல்ட் பக்கன்ஹாம் அமெரிக்க 453ஆவது குண்டுவீச்சுக் குழுவின் பி-24 தளம். நடிகர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் 1944இல் அங்கே நடவடிக்கை அதிகாரியாக இருந்தார். இப்போது சுறுசுறுப்பான சிறு விமானத் திடல், கூடவே நினைவு அருங்காட்சியகம். சீத்திங்கில் 448ஆவது குழு இருந்தது. மீட்டெடுத்த டவர் அருங்காட்சியகமாக நிற்க, ஓடுபாதையின் ஒரு பகுதியை உள்ளூர்ப் பறப்புக் குழு பயன்படுத்துகிறது.

டிபன்ஹாம் இப்போது கிளைடர் திடல். 1944 செப்டம்பர் 27 அன்று அங்கிருந்து ஜெர்மனியின் காசல் நகரைத் தாக்கப் போன 445ஆவது குழுவில் 25 விமானங்கள் சுட்டு வீழ்த்தப்பட்டன. சொந்தத் தளத்துக்கே திரும்பி வந்து இறங்கியவை 4. இன்று அதே கான்கிரீட்டிலிருந்து சத்தமே இல்லாமல் கிளைடர்கள் எழும்புவதைப் பார்க்கும்போது அந்த எண் நெஞ்சில் நிற்கும். எசெக்ஸின் ஆண்ட்ரூஸ்ஃபீல்ட், அமெரிக்க ராணுவப் பொறியாளர்கள் 1942இல் கட்டத் தொடங்கியது. 1943 மே மாதம் ஐஸ்லாந்தில் விமான விபத்தில் இறந்த ஜெனரல் ஃப்ராங்க் ஆண்ட்ரூஸின் பெயர் அதற்கு. அங்கே இப்போது இருப்பது புல் ஓடுபாதை.

கென்டில் இருப்பவை வேறு வகை. நார்மண்டிப் படையெடுப்புக்காகத் தென் இங்கிலாந்தில் இருபதுக்கும் மேற்பட்ட தற்காலிகத் திடல்களைப் போட்டார்கள். கான்கிரீட் கிடையாது. புல்லின் மேல் சோமர்ஃபெல்ட் வலை, அதாவது குறுக்கே எஃகுக் கம்பி கோத்த வலைச்சுருள். ஒரு சுருள் ஏறத்தாழ 3 மீட்டர் அகலம், 23 மீட்டர் நீளம். இன்றைய ஹெட்கார்ன் விமானத் திடல் உண்மையில் அன்றைய லாஷெண்டன். போர்க்கால 'ஹெட்கார்ன்' தளம் பக்கத்தில் இருந்த வேறு இடம். பெயரை நம்பித் தவறான வயலில் நிற்பவர்கள் உண்டு. 1944இல் சில மாதங்கள் இருந்துவிட்டு நிலம் அப்படியே மேய்ச்சலுக்குத் திரும்பிவிட்டதால் அங்கே பார்க்க எதுவும் இருக்காது என்று தோன்றும். பக்கத்துப் பண்ணைகளின் வேலியைப் பாருங்கள். ஆட்டுப்பட்டி அடைத்திருக்கும் துருப்பிடித்த வலையில் குறுக்குக் கம்பிகள் சீரான இடைவெளியில் ஓடினால், அது ஒரு காலத்தில் மஸ்டாங் விமானங்கள் ஓடிய தளமாக இருக்கக்கூடும்.

இனி எப்படிப் பிழைக்கின்றன என்ற கேள்விக்கு வருகிறேன். இதில் பலர் கவனிக்காத எதிரி ஒன்று உண்டு: தண்ணீர். கிழக்கு இங்கிலாந்தில் பெரும்பகுதி கனத்த களிமண். தட்டையான நிலத்தில் கொட்டும் மழை வழிய இடமில்லை. அதனால்தான் போர்க்காலப் பொறியாளர்கள் ஒவ்வொரு ஓடுபாதையின் இரு ஓரத்திலும் கல் நிரப்பிய வடிகால் தோண்டி, அடியில் சுட்ட களிமண் குழாய் பதித்து, இடையிடையே ஆய்வுத்தொட்டி வைத்து, கடைசியில் ஓடையில் விட்டார்கள். 80 ஆண்டுக்குப் பிறகு அந்தக் குழாய்களில் மரவேர் நுழைந்திருக்கும், ஆழ உழுத கலப்பை சிலவற்றை உடைத்திருக்கும், தொட்டி மூடிகள் மண்ணுக்குள் போயிருக்கும். ஓடுபாதை ஓரப் புல்லில் ஒரு திட்டு மட்டும் எப்போதும் கரும்பச்சையாகவோ கோரை முளைத்தோ இருந்தால், அதன் கீழே குழாய் உடைந்திருக்கிறது என்று பொருள்.

கான்கிரீட்டில் எப்படிச் சேதம் ஏறுகிறது என்று பார்க்க ஒரு இணைப்பின் பக்கத்தில் குனிந்து பாருங்கள். ஓடுபாதை ஒரே தகடு அல்ல, பாளம் பாளமாக வார்த்தது. பாளங்களுக்கு நடுவே வெயிலில் விரிய இடம் விட்டுத் தார் அடைத்திருப்பார்கள். தார் வறண்டு, சுருங்கி, ஒரு பக்கம் சுவரிலிருந்து விடுபடும். விரல்நகம் நுழையும் அளவு இடுக்கு. அதில் மழைநீர் இறங்கி அடிக்களியைக் குழம்பாக்கும். மேலே டிராக்டரோ பீட்ரூட் லாரியோ ஏறும்போது பாளத்தின் ஓரம் அமுங்கி, சேற்றுநீர் இடுக்கு வழியே மேலே பீய்ச்சும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் அடிமண் வெளியேறும். கீழே வெற்றிடம் விழுந்ததும் மூலை உடையும். உறைபனி அந்த விரிசலை அகலப்படுத்தும். பாளத்தின் மேல் இணைப்பை ஒட்டி வெளிறிய சேற்றுக்கோடு தெரிந்தால், உடையப்போகும் பாளம் அதுதான்.

இதற்கு மருந்து, முதலில் வடிகால், அப்புறம்தான் கான்கிரீட். வரிசையை மாற்றிச் செய்கிறவர்கள் இரண்டு குளிர்காலத்துக்குள் செலவழித்ததை இழக்கிறார்கள். ஆய்வுத்தொட்டிகளைக் கண்டுபிடித்து, கீழ்முனையிலிருந்து மேல்நோக்கிக் குழாயை நீர்ப்பீய்ச்சலால் கழுவ வேண்டும். மேலிருந்து கழுவினால் அடைப்பு இன்னும் இறுகும். தொட்டிகள் எங்கே என்று தெரியாவிட்டால், ஹெண்டனில் உள்ள விமானப்படை அருங்காட்சியகம் பல தளங்களின் போர்க்கால மனை வரைபடங்களை வைத்திருக்கிறது. கட்டடம் ஒவ்வொன்றும் எண் போட்டுக் குறித்த வரைபடங்கள் அவை.

பிறகு இணைப்புகள். உலர்ந்த வானிலையில் பழைய தாரை ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சுரண்டி எடுத்து, அழுத்தக் காற்றால் தூசி ஊதி, அடியில் நுரைக்கயிறு திணித்து, சூடான அடைப்புத் தாரை ஊற்ற வேண்டும். கான்கிரீட் மட்டத்துக்குச் சில மில்லிமீட்டர் கீழேயே நிறுத்த வேண்டும். மட்டமாகவோ மேலேயோ நிரப்பினால் கோடையில் அது பிதுங்கி டயரில் ஒட்டிக்கொண்டு வரும். ஈரமான இணைப்பில் ஊற்றினால் தார் சுவரைப் பிடிக்கவே பிடிக்காது. உடைந்த மூலைக்குச் சிமெண்டை மெல்லிசாகத் தடவி ஓரத்தைத் தேய்த்துவிடுவது வீண்வேலை, முதல் உறைபனியிலேயே தகடாகப் பெயரும். ரம்பத்தால் நான்கு பக்கமும் நேராக, குறைந்தது 50 மில்லிமீட்டர் ஆழம் வெட்டி, உறுதியான கான்கிரீட் தட்டுப்படும்வரை உள்ளே இருப்பதைக் கொத்தி எடுத்து, சுவரை நனைத்துப் பசைச் சிமெண்ட் தடவி நிரப்பினால்தான் நிற்கும். பழைய இணைப்பின் மேலே குறுக்காக ஒட்டுப்போடக் கூடாது. அந்தக் கோட்டிலேயே புது விரிசல் வரும்.

இவ்வளவு பாடு எதற்கு? ஒரு சிறு கல்லுக்காக. குட்டி விமானத்தின் புரொப்பெல்லர் முனை தரையிலிருந்து ஏறத்தாழ ஒரு சாண் உயரத்தில்தான் சுற்றும். நின்ற இடத்தில் விசை கொடுத்தால் சுழற்காற்று தரையில் உள்ள கல்லை மேலே இழுத்துப் புரொப்பெல்லர் அலகின் முன்விளிம்பில் அடிக்கும். அரிசி அளவு குழிதான் விழும். ஆனால் இழுவிசை அந்தக் குழியில் குவிகிறது. கவனிக்காமல் விட்டால் அங்கிருந்து விரிசல் தொடங்கும். அலகு முனை பறந்துவிட்டால் ஏற்படும் அதிர்வு எஞ்சினைத் தாங்கியிலிருந்தே பிய்த்துவிடக்கூடியது. அதனால் ஒவ்வொரு பறப்புக்கும் முன் முன்விளிம்பை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். குழி தெரிந்தால் தகுதியுள்ள மெக்கானிக் அரத்தால் அதை வழுவழுப்பாக்கித் தருவார். பழைய கான்கிரீட்டில் எஞ்சின் சோதனையைச் சுத்தமான பாளத்தில் செய்யுங்கள். புறப்படும்போது பிரேக் பிடித்து முழு விசை கொடுக்காமல், உருளத் தொடங்கிய பிறகு கூட்டுங்கள். உயிரோடு உள்ள திடல்களில் ஓடுபாதையைப் பெருக்குவதும் நடந்து கல் பொறுக்குவதும் வழக்கமான வேலைகள்.

புல் ஓடுபாதைக்கு வேறு கணக்கு. பிரிட்டனின் சிவில் விமான ஆணையமான சிஏஏ சிறு விமானங்களுக்குச் சொல்லும் பெருக்கெண்களை, அதாவது கையேட்டுத் தூரத்தைப் பெருக்க வேண்டிய எண்களைப் பாருங்கள். புறப்பாட்டுக்கு உலர்ந்த புல் என்றால் 1.2, ஈரப்புல் 1.3, 2 சதவீத ஏற்றச்சரிவு 1.1, வெப்பம் 10 டிகிரி கூடினால் 1.1, எடை 10 சதவீதம் கூடினால் 1.2. இவை ஒன்றோடொன்று பெருகும், கூட்டக் கூடாது. கடைசியில் பாதுகாப்புக்காக 1.33. விமானக் கையேடு 50 அடி உயரம் எட்ட 500 மீட்டர் என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். 2 சதவீதம் ஏறும் ஈரப்புல்லில் 500 × 1.3 × 1.1 × 1.33, அதாவது ஏறத்தாழ 950 மீட்டர். அதே சரிவில் தார்த்தளம் என்றால் 730தான். 800 மீட்டர் திடலில் இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவேதான் வேலியும் மரமும் நிற்கின்றன. இறங்குவதற்கு உலர்புல் 1.15, ஈரப்புல் 1.35, பாதுகாப்புக்கு 1.43. மிகக் குட்டையாக வெட்டிய ஈரப்புல் வழுக்கும், அங்கே 1.6 வரை போகலாம். புல் குட்டையாக இருந்தால் எல்லாம் நல்லது என்று நினைப்பவர்கள் இந்த ஒன்றில்தான் ஏமாறுகிறார்கள்.

புல்லைப் பேணுவதில் உருளை ஓட்டும் நேரம்தான் நுட்பம். குளிர்காலம் முடிந்து மண் பதமாக இருக்கும் சில வாரங்களே அதற்கு உகந்தவை. சேறாக இருக்கும்போது உருட்டினால் மேல்மண் தகடாக இறுகி, நீர் கீழே இறங்காமல் தேங்கும். காய்ந்த பிறகு உருட்டினால் ஒரு பயனும் இல்லை. துளையெலி மண்மேடுகளை உருட்டி அமுக்காமல் வாரிப் பரப்ப வேண்டும். அமுக்கினால் அங்கே புல் செத்து, மழையில் குழியாகும். முன்சக்கரம் மாட்டுவது அந்தக் குழியில்தான்.

விமானத்தில் வருகிறவர்களுக்கு: இத்தகைய திடல்களில் பெரும்பாலும் முன்அனுமதி கட்டாயம். தொலைபேசியில் கேட்டால் ஓடுபாதை ஈரமா, எந்தக் கிராமத்தின் மேல் பறக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்வார்கள். அந்தக் கிராமச் சத்தக்கட்டுப்பாட்டை அலட்சியம் செய்வது திடலுக்கே உலை வைப்பது. ரேடியோவில் அழைப்புப் பெயரின் கடைசிச் சொல் 'ரேடியோ' என்றால் பேசுகிறவர் தகவல் மட்டும் தருவார், இறங்க அனுமதி தருவதில்லை. முடிவு விமானியுடையது. தனி அலைவரிசை இல்லாத திடலில் 135.480இல் அறிவித்துக்கொண்டே இறங்க வேண்டும். வழக்கமான வருகை முறை, திடலுக்கு 2,000 அடி மேலே வந்து, சுற்றுப்பறப்பு (இறங்குமுன் விமானங்கள் ஓடுபாதையைச் சுற்றிவரும் பாதை) இல்லாத பக்கம் 1,000 அடிக்கு இறங்கி, ஓடுபாதையின் புறப்பாட்டு முனையைக் குறுக்கே கடந்து சுற்றில் சேர்வது. கிளைடர் திடலிலும் பாராசூட் திடலிலும் இதைச் செய்யவே கூடாது. கிளைடரை இழுக்கும் வின்ச் கம்பி 2,000 அடிக்கும் மேலே போகும், கண்ணுக்கும் தெரியாது.

கட்டடங்களின் நோய் வேறு. போர் முடிகிறவரை நின்றால் போதும் என்று கட்டியவை அவை. பல சுவர்கள் வெறும் நாலரை அங்குல ஒற்றைச்செங்கல், மேலே சிமெண்ட் பூச்சு. டவரில் முதலில் கெடுவது எஃகு ஜன்னல் சட்டங்களும் மேல்மாடக் கைப்பிடியின் அடிக்குழிகளும். இரும்பு துருப்பிடித்தால் பல மடங்கு உப்பும். சட்டத்தின் மேலே இருக்கும் கான்கிரீட் உத்தரம் அந்த உப்பலில் பிளக்கும். பிளவில் நீர் இறங்கி உள்கம்பியைத் தின்னும். சட்டத்தைப் பெயர்த்தெடுத்து, துருவை முழுக்க நீக்கி, துத்தநாகப் பூச்சு கொடுத்து மீண்டும் பொருத்துவதுதான் சரியான வழி. நீர் புகாத பெயிண்டைச் சுவர் முழுக்க அடிப்பது நல்லெண்ணத்தில் நடக்கும் கேடு. ஒற்றைச்செங்கல் சுவருக்குள் சிக்கிய ஈரம் உட்புறமாக வந்து, வீரர்கள் தீட்டிய சுவரோவியங்களையும் பென்சில் குறிப்புகளையும் உரித்துத் தள்ளும். நெளிதகட்டு நிஸ்ஸன் குடில்களிலும் பட்டறைகளிலும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தகடுகள் இருக்கும். உடைக்கவோ துளையிடவோ கூடாது.

டவரை மட்டும் காப்பாற்றிச் சுற்றிலும் உழுதுவிட்ட இடங்கள் உண்டு. அமெரிக்க இசைக்குழுத் தலைவர் க்ளென் மில்லர் 1944 டிசம்பர் 15 அன்று கடைசியாகப் புறப்பட்ட ட்வின்வுட் அப்படித்தான். டவர் அழகாக நிற்கிறது, அதன் ஜன்னலுக்கு வெளியே ஓடுபாதை இல்லை. அந்தப் பாதுகாப்பும் பெருமதிப்புக்குரியதுதான். ஆனால் விமானம் இறங்கும் இடத்தில்தான் வடிகால் கழுவப்படுகிறது, கல் பொறுக்கப்படுகிறது, புல் வெட்டப்படுகிறது. பறப்பு நின்றால் அதற்கெல்லாம் ஆளும் பணமும் நிற்கும். அதனால் சிறு திடலின் வரவு எதிலிருந்து வருகிறது என்று பாருங்கள்: ஹேங்கர் வாடகை, எரிபொருள், இறங்கும் கட்டணம், காலைச் சிற்றுண்டிக்காகவே பறந்து வரும் விமானிகளால் நிறையும் கஃபே, சில வார இறுதிகளில் சந்தையோ கார் நிகழ்ச்சியோ. 2010இலிருந்து உரிமம் பெறாத திடலிலும் விமானப் பயிற்சி தரலாம் என்று விதி மாறியது பலவற்றுக்கு மூச்சு கொடுத்தது. உழவர் தன் வயலில் ஆண்டுக்கு 28 நாள்வரை திட்ட அனுமதி இல்லாமல் விமானம் இறக்கலாம். அதற்கு மேல் போனால் உள்ளாட்சி அனுமதி வேண்டும். அக்கம்பக்கத்துப் புகார்கள் சூடாவது பெரும்பாலும் அந்தக் கட்டத்தில்தான். வீட்டுமனைக்கு நிலம் தேடுகிறவர்களின் கண் பழைய கான்கிரீட்டின் மேலேயே இருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தரை வழியே பார்க்கப் போகிறவர்களுக்குச் சில சொற்கள். அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள் நடத்துபவை, குளிர்காலத்தில் மூடியிருக்கும், திறந்திருக்கும் நாளை முன்பே உறுதி செய்யுங்கள். வெறிச்சோடிக் கிடந்தாலும் ஓடுபாதையில் கால் வைக்காதீர்கள். என்ஜினை அணைத்துச் சறுக்கி வரும் விமானத்தின் சத்தம் கேட்கவே கேட்காது. குழந்தைகளை, நிற்கும் புரொப்பெல்லரைத் தொடவும் விடாதீர்கள். மண்ணில் கிடக்கும் தோட்டா, உலோகக்குழாய், கருவித் தட்டு எதையும் எடுக்க வேண்டாம். 1940இல் படையெடுப்பு வந்தால் ஓடுபாதையைத் தகர்ப்பதற்காகப் புதைத்த குழாய் வெடிகள் சில தளங்களில் அறுபது ஆண்டுக்குப் பிறகும் கிடைத்தன. லீ-ஆன்-சோலன்டில் 2006இல் 20 குழாய்களை எடுத்தார்கள். பழைய கருவிகளின் இருட்டில் ஒளிரும் எண்களில் ரேடியம் உண்டு.

குறிப்பிட்ட ஒரு தளத்தைப் படிக்க விரும்பினால், லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் பிரிட்டிஷ் தளங்களின் நாள்குறிப்பு ஏர் 28 வரிசையிலும், ஸ்குவாட்ரன்களின் நாள்குறிப்பு ஏர் 27 வரிசையிலும் இருக்கின்றன. ஒவ்வொரு இரவும் எந்த விமானம், யார் யார், எத்தனை மணிக்குப் புறப்பட்டார்கள், எப்போது இறங்கினார்கள் என்பது ஒரு வரியில் இருக்கும். திரும்பாதவர்களுக்கு இறங்கிய நேரம் எழுதும் கட்டம் காலியாக இருக்கும். நார்ஃபோக்கின் பி-24 குழுக்களைப் பற்றி அறிய நாரிச் நகரில் 2ஆவது விமானப் பிரிவின் நினைவு நூலகம் இருக்கிறது. நாள்குறிப்பின் ஒரு பக்கத்தை நகலெடுத்துக்கொண்டு போய், மனை வரைபடத்தை வைத்து அந்த விமானம் நின்ற மேடையைக் கண்டுபிடியுங்கள். பொதுநடைபாதை பக்கத்தில் ஓடினால் மேடையின் விளிம்புவரை போய் நிற்கலாம். கான்கிரீட்டில் எண்ணெய் ஊறிக் கறுத்த வட்டம் சில இடங்களில் இன்னும் போகவில்லை.